மூடாத லைன்

அசையக் கூடாது. மூக்கு அரிச்சாலும் அசையக் கூடாது, முதுகுல எறும்பு ஊர்ற மாதிரி இருந்தாலும் அசையக் கூடாது, எச்சிலைக்கூட மெதுவா முழுங்கணும்னு ஆராய்ச்சி பண்ற பொண்ணு பெனாசிர் மூணு தடவை சொல்லிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டுப் போயிடுச்சு. அது சொன்னதும்தான் அரிக்கவே ஆரம்பிச்சுது. அதுவரைக்கும் எனக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கறதே ஞாபகம் இல்ல. மூக்குத்தியக் கழட்டி வெச்சுட்டு எழுபத்தோரு வயசுல வெறும் மூக்கோட ஒரு ஸ்கேன் குழாய்க்குள்ள மல்லாந்து கிடக்கேன், காத்து பட்டு அரிக்குது போல. மூஞ்சிக்கு மேல ஒரு கூண்டு, கூண்டுல ஒரு சின்னக் கண்ணாடி, அந்தக் கண்ணாடியில பின்னாடி இருக்கற திரை தெரியுது. இடது கையில ஒரு ரப்பர் பந்து, பயம் வந்தா அதைப் பிடிச்சு அமுக்கணுமாம். வலது கையில ஒரு பட்டன். காதுல அடைப்பு, அதுக்கு மேல ஹெட்போன். ஹெட்போன்! இருபது வருஷம் இதை மாட்டிக்கிட்டு உக்காந்த தலை இது. மாயவரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச், ஆபரேட்டர் தையல்நாயகி. அப்ப இதை மாட்டினா ஊரே பேசும், இப்ப மாட்டினா மெஷின்தான் பேசுது, டங்கு டங்குன்னு, தெருவுல போர் போடுற லாரி தலைமாட்டுல வந்து நின்ன மாதிரி. பரவால்ல. சத்தம் எனக்குப் புதுசா என்ன? அமைதிதான் எனக்கு ஆகாது. இந்த ஆராய்ச்சிக்கு நானாத்தான் பேர் குடுத்தேன். பென்ஷனர் சங்கத்துல காகிதம் ஒட்டியிருந்தாங்க, வயசாக ஆக மனுஷன் தன்னை அடக்கிக்கிறப்ப மூளை எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கப் போறோம், அறுபத்தஞ்சுக்கு மேல உள்ளவங்க வரலாம்னு. படிச்சதும் எனக்கு உடம்பெல்லாம் சில்லுனு ஆயிடுச்சு. யாரோ என் வீட்டு ஜன்னல்ல எட்டிப் பாத்துட்டு எழுதின மாதிரி இருந்துச்சு. "சும்மா ஒரு டெஸ்ட்டுங்க, திருச்சி வரைக்கும் போய்ட்டு வருவோம்"னு அவர்கிட்ட சொன்னேன். அவரும் ஏன் எதுக்குன்னு கேக்காம பிளாஸ்க்ல காபி ஊத்திக்கிட்டுக் கிளம்பிட்டார், புண்ணியவான்.

அவர்னா என் வீட்டுக்காரர், குஞ்சிதபாதம். ஹைஸ்கூல்ல லேப் அசிஸ்டென்ட்டா இருந்து ரிட்டயர் ஆனவர், எழுபத்தாறு முடியப் போவுது. இந்நேரம் வெளியில வராந்தாவுல உக்காந்திருப்பார். என் தாலிச் சங்கிலி அவர் சட்டைப் பையில இருக்கு. மெஷின் காந்தமாம், உடம்புல பொட்டுத் தங்கம்கூட இருக்கக் கூடாதுன்னுட்டாங்க. அதுக்காக வெறுங்கழுத்தா படுக்க முடியுமா? விரலி மஞ்சளை மஞ்சக் கயித்துல கட்டி வீட்லேர்ந்தே எடுத்துட்டு வந்திருந்தேன். முதல்ல இதைக் கழுத்துல ஏத்திட்டு அப்புறம்தான் அதை இறக்கணும், அதான் முறை. கயித்தை நானே கட்டிக்கிறேன்னு சொன்னேன். "அதெப்படி, இது என் வேலை"ன்னு அவர் வாங்கிக்கிட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவுல நாலு பேர் பாக்க, மூணு முடிச்சு போட்டார். அப்புறம் நர்ஸைப் பாத்துச் சொல்றார், "பாத்தியாம்மா, கடைசியில எனக்கும் ரெண்டாம் கல்யாணம் ஆயிடுச்சு." அந்தப் பொண்ணு விழுந்து விழுந்து சிரிக்குது. பெனாசிரும் சிரிக்குது. எனக்கு மட்டும் அடி வயித்துலேர்ந்து ஒண்ணு கிளம்பி நெஞ்சு, தொண்டை, நாக்குன்னு ஏறி வந்து பல்லுக்குப் பின்னாடி நின்னுச்சு. ரெண்டாம் கல்யாணமா, அன்னைக்கே பண்ணியிருக்க வேண்டியவர்தானேன்னு. இருமுறாப்ல இருமி உள்ள தள்ளிட்டேன். அவ்வளவுதான், அதுலேர்ந்து படபடன்னு இருக்கு. நாப்பத்திமூணு வருஷமா ஒரு வார்த்தைய வாய்க்குள்ள வெச்சுப் பூட்டியிருக்கேன். பூட்டு இப்ப ஆடுது. இன்னைக்கோ நாளைக்கோ அது தானா வெளியில விழுந்துடும், அவர் முகத்துக்கு நேரா விழுந்துடும். நெஞ்சுக் குழாயில ரெண்டு ஸ்டென்ட் வெச்சிருக்கிற மனுஷன். அதுக்குத்தான் நான் வந்திருக்கேன். என் நாக்கு இன்னும் எத்தனை நாள் தாங்கும்னு இந்த மெஷின் சொல்லுமான்னு பாக்க வந்திருக்கேன்.

இதோ படம் வருது. வெண்டைக்காய், அமுக்கு. தக்காளி, அமுக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் வருவாங்கன்னு எல்லாத்தையும் காய்கறியாவே வெச்சிருக்காங்களாம், நல்ல புத்தி. எந்தக் காய் வந்தாலும் டக்குனு அமுக்கணும், பாவக்காய் வந்தா மட்டும் அமுக்கக் கூடாது. இவ்வளவுதானா, இதுக்கா ராக்கெட் மாதிரி ஒரு மெஷின்னு நெனச்சேன். முருங்கைக்காய், கேரட், பூசணி, வெண்டை, பாவக்காய், அமுக்கிட்டேன். சை! விரல் போனது எனக்கே தெரியல, போனப்புறம்தான் மூளை வருது, கல்யாணத்துக்கு லேட்டா வர்ற பங்காளி மாதிரி. முன்னாடியெல்லாம் மூளைதான் முன்னாடி வரும். பெனாசிர் காலையில ஒரு படம் காட்டுச்சு, ரெண்டு தலை. ஒண்ணு சின்ன வயசுக்காரங்களோடதாம், அடக்கிக்கிற நேரத்துல ஒரு பக்கம் மட்டும் சிவப்பா இருந்துச்சு. இன்னொண்ணு எங்களை மாதிரி ஆளுங்களோடது, ரெண்டு பக்கமும் சிவப்பு. "அப்ப எங்களுக்குக் கெட்டுப் போச்சாம்மா?"ன்னு கேட்டேன். "அப்படிச் சொல்ல முடியாதும்மா. அதே வேலையச் செய்ய உங்க மூளை கூட ஆளைக் கூப்புடுதுன்னு சில பேர் சொல்றாங்க. சமாளிக்கிறதுக்காகவும் இருக்கலாம், தேஞ்சு போனதாவும் இருக்கலாம். எல்லாருக்கும் ஒரே மாதிரியும் இல்ல. அதைத்தான் நாங்களும் தேடிக்கிட்டிருக்கோம்"னுச்சு. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுச்சு பாருங்க, அப்பவே எனக்கு அதைப் பிடிச்சுப் போச்சு. ஒரு ஆள் தூக்கின மூட்டைய இப்ப ரெண்டு ஆள் தூக்குறாங்க. தூக்கிக்கிட்டுதானே இருக்காங்க, இன்னும் கீழ போடலையே. கத்தரிக்காய், அமுக்கு. அவரைக்காய், அமுக்கு. பாவக்காய், அமுக்கல. ஆஹா! என் தலைக்குள்ள ரெண்டு பக்கமும் எந்திரிச்சு ஓடி வந்து விரலைப் பிடிச்சிருக்கும். நல்லாருங்கப்பா, ரெண்டு பேரும் நல்லாருங்க.

ஆனா வீட்ல அந்த ரெண்டு பேரும் எங்க போய்த் தொலையறாங்கன்னுதான் தெரியல. போன ஆவணியில நாத்தனார் பேத்தி கல்யாணத்துல, பொண்ணோட அம்மா பக்கத்துல நின்னு சாம்பார் எப்படிங்கன்னு கேக்குறா. பாத்திரம் கழுவின தண்ணியிலகூட கொஞ்சம் ருசி இருக்கும்னு சொல்லிட்டேன். சொன்னது நான்தானான்னு திரும்பிப் பாத்தேன். மாப்பிள்ளைகிட்ட, என் பொண்ணு அருள்மொழியோட வீட்டுக்காரர், தங்கமான பிள்ளை, அவர்கிட்ட போய் "தொப்பை இப்படி வந்தா செருப்பை யாரு மாட்டி விடுவா"ன்னு கேட்டுட்டேன். இதெல்லாம் போகட்டும், இதுக்கெல்லாம் சிரிச்சுட்டுப் போயிடறாங்க. தீபாவளி அன்னைக்குத்தான் நான் செத்துப் பொழைச்சேன். கேஸ் சிலிண்டர் புத்தகத்தைக் காணோம்னு எனக்கும் அவருக்கும் சண்டை. பொண்ணு இருக்கா, மாப்பிள்ளை இருக்கார். அவர் திடீர்னு குரல் ஒசத்தி, "நான் எதையாவது என்னைக்காவது உன்கிட்ட மறைச்சிருக்கேனா?"ன்னாரு. வந்துடுச்சு, முழுசா வந்துடுச்சு, முதல் எழுத்து உதட்டுலயே நிக்குது. தட்டுல இருந்த அதிரசத்தை எடுத்து முழுசா வாயில திணிச்சுக்கிட்டேன். கண்ணுல தண்ணி வர மெல்றேன். சர்க்கரை இருக்குற பொம்பளை அதிரசத்தை இப்படித் திங்கறாளேன்னு மூணு பேரும் என்னை வைய ஆரம்பிச்சுட்டாங்க. வையுங்க, நல்லா வையுங்கன்னு நெனச்சுக்கிட்டேன். அன்னைக்கு அந்த அதிரசம் இல்லேன்னா என் குடும்பம் என்ன ஆகியிருக்கும்? எப்பவும் கைக்கெட்டுற தூரத்துல அதிரசம் இருக்குமா?

முள்ளங்கி. அமுக்கு. அது நடந்தது எண்பத்தொண்ணு, ஐப்பசி மாசம், திங்கக்கிழமை. எனக்கு அன்னைக்கு வார லீவு. கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்ல, ரெண்டு தடவை தங்கிக் கலைஞ்சுது. கூட வேலை பாத்த ஸ்டெல்லாவுக்குத் திடீர்னு ஜுரம்னு பதினோரு மணிக்கு எக்ஸ்சேஞ்ச் பியூன் வந்து கூப்பிட்டார், போனேன். அவர் ஸ்கூலுக்குப் போயிட்டாரு, அவருக்கு இது தெரியாது, நான் வீட்ல இருக்கேன்னுதான் நெனப்பு. ரெண்டரை மணி இருக்கும், மருந்துக் கடை நம்பர்லேர்ந்து பம்பாய்க்கு புக் பண்ணியிருந்த கால் கிடைச்சுது. ரெண்டு பக்கமும் இணைச்சேன். டியூட்டிக் குரல்னு ஒண்ணு உண்டு எங்களுக்கு, மூக்காலயும் இல்லாம வாயாலயும் இல்லாம, எந்த வீட்டுக்கும் சொந்தமில்லாத குரல். அந்தக் குரல்ல, "பம்பாய் லைன்ல இருக்காங்க, பேசுங்க"ன்னேன். "ரொம்ப நன்றிம்மா"ன்னு பதில் வந்துச்சு. அவர் குரல்! கட்டின பொண்டாட்டிகிட்ட யாரோ ஆபரேட்டர்னு நெனச்சு நன்றிம்மாங்கறார். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, சாயங்காலம் சொல்லிக் கேலி பண்ணணும்னு நெனச்சேன். இணைச்சதும் நாங்க லைனை விட்டு விலகிடணும், அதுதான் சட்டம், அதுதான் தர்மம். ஊர்ல எத்தனையோ பேர் அழுதது, ஏமாத்துனது, செத்த சேதி, எல்லாத்துக்கும் காதைக் குடுத்துட்டு உடனே எடுத்துக்கிட்டவ நான். அன்னைக்கு ஒரே ஒரு தடவை, பம்பாயில இருக்கற அண்ணன்கிட்ட எப்படிப் பேசுறார்னு கேப்போமேன்னு ஒரு அல்ப ஆசை. இருந்தேன். அந்தப் பக்கம் அவரோட அண்ணன் என்னமோ நீளமா பேசி முடிச்சார். அப்புறம் இவர் சொன்னாரு. என்ன சொன்னாரோ அது வேணாம் இப்ப. பூசணி, அமுக்கு. கை பக்கத்துலயே ஒயர் இருக்கு. ஒரே இழு, லைன் போயிடும். இல்லேன்னா ஒரே ஒரு வார்த்தை, "ஏங்க"ன்னா போதும், அங்கயே மூச்சு நின்னுடும். பண்ணல. ஒயர் பக்கத்துல கை கல்லு மாதிரி இருந்துச்சு. எனக்கு அப்ப இருபத்தெட்டு வயசு. பெனாசிர் காட்டின படத்துல சின்ன வயசுக்காரங்களுக்கு ஒரு பக்கம் மட்டும்தான் சிவப்பு. நான் நம்ப மாட்டேன்மா. அன்னைக்கு என் தலை மொத்தமும் பத்தி எரிஞ்சுது.

அப்புறம் என்ன ஆச்சுன்னு கேட்டா ஒண்ணும் ஆகல. அதுதான் இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியாத விஷயம். இன்னைக்குச் சொல்லுவார், நாளைக்குச் சொல்லுவார்னு ஒவ்வொரு நாளும் காத்துக்கிட்டிருந்தேன். அவர் செருப்பைக் கழட்டுற சத்தம் கேட்டா அடுப்படிக்குள்ள போய் நின்னுக்குவேன். அவர் சொல்லல. மாசம் ஒண்ணு ஆச்சு, ஆறு ஆச்சு, சொல்லல. அடுத்த வருஷமே அருள்மொழி வயித்துல தங்கிட்டா. அந்தப் பத்து மாசமும் வாளித் தண்ணி தூக்க விட்டிருப்பாரா என்னை? ஸ்கூல் விட்டு ஓடி வருவார். என் அம்மா சாகக் கிடந்தப்ப பீ மூத்திரம் எடுத்தது யாரு? நானா? பாதி அவர்தானே. சிக்குன்குனியா வந்து மூணு மாசம் கையத் தூக்க முடியாம கிடந்தேனே, தலை சீவி, பின்னி, பின்னலை ஒரு நாள் இடது பக்கம் கோணலா ஒரு நாள் வலது பக்கம் கோணலா போட்டு, "இன்னைக்கு எப்படி, சினிமா நடிகை மாதிரி இருக்கியா"ன்னு கண்ணாடிய நீட்டுவார். கண்ணாடியப் பாத்தா பேய் மாதிரி இருப்பேன். நான் குடுத்து வெச்சவ, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. கும்பிடாத நாள் இல்ல. அந்த வார்த்தைய நான் முழுங்கினதாலதான் இத்தனையும் கிடைச்சுதுன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நெனப்பு, கொஞ்சம் திமிர்னே வெச்சுக்குங்க. அன்னைக்குக் கத்தியிருந்தா, அழுதிருந்தா, பெட்டியக் கட்டிக்கிட்டு அப்பா வீட்டுக்குப் போயிருந்தா, அவங்க வீட்ல அதையே சாக்கா வெச்சு முடிச்சிருப்பாங்க. நான் அடக்கினேன், குடும்பம் நின்னுச்சு. இவ்வளவு செஞ்ச மனுஷனை இந்த வயசுல கூண்டுல நிறுத்தி, நீ அன்னைக்கு இப்படிச் சொன்னவன்தானேன்னு கேட்டா அது நியாயமா? பொண்ணு எதிர்ல கேட்டுட்டா? அந்த முகம் எப்படி ஆகும்? அதை நெனச்சாதான் எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது. எனக்கு ஞாபக மறதி வரட்டும், கால் விழட்டும், நாக்கு மட்டும் அவிழ்ந்துடக் கூடாது சாமி. அவிழ்றதுக்கு முன்னாடி நான் போயிடணும்.

நின்னுடுச்சு. மெஷின் நின்னுடுச்சு. திரையில ஒண்ணும் இல்ல, வெறும் சாம்பல் கலர். முதல் பகுதி முடிஞ்சா ரெண்டு மூணு நிமிஷம் இடைவெளி விடுவோம், அப்பவும் தலைய அசைக்காதீங்கன்னு பெனாசிர் சொல்லியிருந்துச்சு. அது பேசினா ஹெட்போன்ல டக்னு ஒரு சத்தம் வந்துதான் குரல் வரும், ஆரம்பத்துலயே கவனிச்சுட்டேன், அதெல்லாம் என் காதுக்குத் தப்பாது. எங்க போர்டுலயும் அப்படித்தான், லைன் திறந்தா டக், மூடினா டக். டக் இல்லேன்னா அங்க ஆள் இல்ல, நாம தனியா இருக்கோம்னு அர்த்தம். இப்ப டக் இல்ல. எவ்வளவு அமைதியா இருக்கு. இந்த அமைதிதான் எனக்கு ஆகாதுன்னு சொன்னேன்ல, அந்த எக்ஸ்சேஞ்ச் ரூமே அப்படியே வந்து சுத்தி உக்காருது, மரப் பலகை வாசனை, ஸ்டெல்லாவோட காலி நாற்காலி, அவர் குரல், கொஞ்சம் கரகரன்னு, பம்பாய் லைன் எப்பவுமே அப்படித்தான். சரிண்ணே. பொண்ணைப் பாருங்க. இவகிட்ட நான் மெதுவா சொல்லிக்கிறேன். சரிண்ணே, பொண்ணைப் பாருங்க, இவகிட்ட நான் மெதுவா சொல்லிக்கிறேன். இவகிட்ட. பேர்கூடச் சொல்லல பாருங்க, இவகிட்ட. அந்த இவதாங்க உங்களுக்கு லைன் போட்டுக் குடுத்தா. அந்த இவளுக்குத்தாங்க நீங்க நன்றி சொன்னீங்க. நாப்பத்திமூணு வருஷமா உங்ககூடவே இருந்து, உங்ககிட்டச் சொல்லாம, நான் ஒருத்தியா தூக்கிச் சுமந்துட்டேங்க.

டக்.

"அம்மா."

பெனாசிர் குரல். ஒரு மாதிரி இருக்கு, சளி பிடிச்ச மாதிரி.

"சொல்லும்மா. அடுத்தது ஆரம்பிக்கலாம், நான் நல்லாத்தான் இருக்கேன்."

"அம்மா... நீங்க பேசினது இங்க கேட்டுச்சும்மா."

பேசினேனா? நான் எங்க பேசினேன்? நெனச்சேன். நெனச்சுக்கிட்டுதானே இருந்தேன். உதட்டைத் தொட்டுப் பாக்கலாம்னா கையத் தூக்கக் கூடாது. நாக்கு ஈரமா இல்ல, காஞ்சிருக்கு. பேசினவ நாக்கு மாதிரி காஞ்சிருக்கு. அய்யோ.

"டக்குனு சத்தம் வரலையே பாப்பா! லைன் மூடித்தானே இருந்துச்சு?"

"அது நான் பேசுற பட்டனோட சத்தம்மா. உங்க பக்கத்து மைக் எப்பவும் திறந்துதான் இருக்கும். உள்ள இருக்கறவங்க பயந்துட்டா எங்களுக்குத் தெரியணும்ல. மெஷின் சத்தத்துல கேக்காது, நின்னா கேக்கும்."

ஊர் லைனையெல்லாம் திறந்து மூடினவ. எது திறந்திருக்கு எது மூடியிருக்குன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்றவ. கடைசியில திறந்த லைன்ல உக்காந்துக்கிட்டு என் வாயாலயே.

"எதுலேர்ந்தும்மா கேட்டே?"

"சரிண்ணே... அதுலேர்ந்து."

"போகட்டும். நீ கேட்டது கேட்டதாவே இருக்கட்டும், மறந்துடு கண்ணு. வெளியில என் வீட்டுக்காரர் இருப்பாரு, அவர்கிட்ட மட்டும்..."

அது பதில் சொல்லல. இருபது வருஷம் லைன்ல உக்காந்திருக்கேன், ஒரு ஆள் சும்மா இருக்கறதுக்கும் ரெண்டு ஆள் சும்மா இருக்கறதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும். அந்த ரூம்ல ரெண்டு ஆள்.

"வராந்தாவுல நாற்காலி இல்லாம நின்னுக்கிட்டே இருந்தாங்கம்மா," பெனாசிர் மெதுவா சொல்லுச்சு. "பாவமா இருந்துச்சு. நான்தான் உள்ள வந்து உக்காரச் சொன்னேன்."

ரப்பர் பந்து கையில இருக்கு. அமுக்கினா ஓடி வந்து என்னை வெளியில இழுத்துடுவாங்க. வெளியில போய் என்ன பண்ண? வெளியிலதானே அவர் இருக்கார். ஸ்டென்ட். மாத்திரை என் கைப்பையில இருக்கு, பை வெளியில இருக்கு, அவருக்கு எந்த மாத்திரைன்னு தெரியாதே. கடவுளே, அந்த மனுஷனை ஒண்ணும் பண்ணிடாதே.

"தையலு."

அவர்தான்.

"ஏங்க, மாத்திரை பையில..."

"நான் நல்லா இருக்கேன்." நாற்காலி நகர்ற சத்தம். "அன்னைக்கு உனக்கு லீவுல்ல?"

நாப்பத்திமூணு வருஷம் கழிச்சு முதல்ல கேக்குற கேள்விய பாருங்க. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேந்து வருது.

"ஸ்டெல்லாவுக்கு ஜுரம்ங்க."

"ஓ."

"ஆமா."

"அப்ப அந்தப் பொண்ணு... நான் நன்றி சொன்னது..."

"எனக்குத்தான்."

பெனாசிர் மூக்கை உறிஞ்சுறது கேக்குது, பாவம், அது எந்த முகத்தை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கோ. எழுந்து போகவும் முடியாது, என்னை உள்ள வெச்சுட்டு எங்க போவும்?

"நான் சொல்லிட்டேன்னு தப்பா எடுத்துக்காதீங்க," நான் சொல்றேன். "மனசுல வெச்சுக்கிட்டுச் சொல்லல. தெரியாம வந்துடுச்சு. எனக்கு உங்க மேல கோவம் இல்லீங்க. முன்னாடி இருந்துச்சு, இப்ப இல்ல. சத்தியமா இல்ல. நீங்க எனக்குச் செஞ்சதுக்கெல்லாம் நான்தான்..."

"நான் பேசணும் தையலு. கொஞ்சம் இரு." தொண்டையச் செருமிக்கிட்டார். "அன்னைக்கு ராத்திரி நீ வத்தக்குழம்பு வெச்சே."

"வெச்சேன்."

"அதுல உப்பே இல்ல."

நான் கண்ணாடியில அந்தச் சாம்பல் திரையையே பாத்துக்கிட்டிருக்கேன்.

"ஆறு வருஷத்துல நீ ஒரு நாள்கூட உப்பு மறந்தது இல்ல. நான் அன்னைக்கு உன்கிட்ட அந்த விஷயத்தைச் சொல்லிடணும்னுதான் வந்து உக்காந்தேன். அண்ணன்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன், அம்மா அழறாங்க, சொல்லிடணும்னு. ஒரு வாய் எடுத்து வெச்சேன். உப்பு இல்ல. உன்னை நிமிந்து பாத்தேன். நீ எங்கயோ பாத்துக்கிட்டு நின்னே. இவளுக்கு உள்ளுக்குள்ள என்னமோ பெரிய கஷ்டம் போல, உப்புப் போடக்கூட நெனப்பு இல்லாத அளவுக்கு என்னமோ இருக்கு, இவகிட்டப் போய் இதைச் சொல்லப் போறோமேன்னு ஆயிடுச்சு. உப்பு இல்லேன்னுகூடச் சொல்ல வாய் வரல. அப்படியே தின்னுட்டு எந்திரிச்சேன். மறுநாள் சொல்லலாம்னு பாத்தேன், முடியல. அதுக்கு அடுத்த நாளும் முடியல. மெதுவா சொல்லிக்கிறேன்னு அண்ணன்கிட்டச் சொன்னேன்ல, அந்த மெதுவா வரவே இல்ல தையலு. பத்து நாள் கழிச்சு, எனக்கு இவ போதும், பொண்ணு பாக்க வேணாம்னு கடுதாசி போட்டுட்டேன்."

கடுதாசி. பத்தே நாள்ல. பத்து நாள்ல முடிஞ்சு போன ஒண்ணுக்கு நான் நாப்பத்திமூணு வருஷம் காவல் காத்திருக்கேன். மல்லாந்து படுத்திருக்கறதால கண்ணுலேர்ந்து வர்றது கன்னத்துல இறங்க வழியில்லாம ரெண்டு பக்கமும் காதுக்குள்ள போவுது, ஹெட்போன் நனையுது. வாயை அடக்கினேன், கையை அடக்கினேன், கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி வராம அடக்கினேன், அதாலதான் எல்லாம் நின்னுச்சுன்னு இத்தனை வருஷம் மாரைத் தட்டிக்கிட்டிருந்தேன். அன்னைக்கு அடுப்படியில நின்னுக்கிட்டு ஒரே ஒரு விஷயத்துல மட்டும் நான் என்னை அடக்கிக்கல. அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஜாடியத் திறந்தேன், ஒரு கை அள்ளினேன், குழம்பு கொதிக்குது. அள்ளினதை அப்படியே ஜாடியில போட்டு மூடிட்டேன். அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல, அதைப் போய் யாராவது பெருமையா சொல்லுவாங்களா?

"ஏங்க."

"சொல்லு."

"உப்பு மறக்கலீங்க. வேணும்னேதான் போடல."

பெனாசிர் மூக்கை உறிஞ்சுறதைக்கூட நிறுத்திடுச்சு. அப்புறம் கரகரன்னு ஒண்ணு வந்துச்சு, அவர் சிரிக்கிறாரா அழறாரான்னு என் காதுக்கே பிடிபடல. கல்யாணமான நாள்லேர்ந்து என்னை ஒரு தடவைகூட 'டி' போட்டுப் பேசாத மனுஷன்.

"நல்லவேளைடி"ன்னார்.